கட்கி இஸ்திரியம்மாவின் கல்லறை

புதன்கிழமை காலை 8.40க்கு, ஐம்பது நிமிடம் தாமதமாக, சென்னை ரயில் என்னைப் புனே சந்திப்பில் இறக்கிவிட்டது. 2003ஆம் ஆண்டு, டிசம்பர் முதல் வாரம். குளிர் எலும்பைத் துளைக்கும் என்று ரயிலில் ஒருவர் பயமுறுத்தியிருந்தார். ஒரு சால்வைக்கு அடங்கும் குளிர்தான். என் தோல்பையில் மூன்று பொருள்கள் இருந்தன: சித்தி எழுதிய பதினான்கு கடிதங்கள், என்னுடைய 1993ஆம் ஆண்டு டைரி, விசாரணைக் குழுவின் ஃபாதர் எனக்கு அனுப்பிய ஒன்றரைப் பக்கக் கடிதம்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமை எழுத்தர். வயது ஐம்பத்தொன்று. ஒரு வாரம் விடுப்பு எடுத்திருந்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்கி கல்லறைத் தோட்டத்தில், என் சித்தி சிஸ்டர் பிரகாசியின் கல்லறை முன்னால், நான் பைபிள் மேல் கை வைத்துச் சாட்சி சொல்ல வேண்டும். அவரைப் புனிதர் என்று அறிவிக்கலாமா என்று திருச்சபை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த விசாரணையின் முதல் படிகளில் ஒன்று இது.

புனே சந்திப்பிலிருந்து கட்கிக்கு லோக்கல் ரயில் டிக்கெட் நான்கு ரூபாய். சிவாஜிநகருக்கு அடுத்த நிலையம். பதினேழு நிமிடம். என் தம்பி சேவியர் ஸ்கூட்டரோடு வெளியே நின்றான். இருபத்துநான்கு வருடமாக இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பேச்சில் பாதி திண்டுக்கல், பாதி இந்தி.

"அக்கா, சித்தி கல்லறையை ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸா பண்ணி வச்சிருக்கோம். ஃபாதருங்க வந்தா அசந்துருவாங்க."

"என்ன பண்ணினீங்க?"

"சாயந்தரம் வந்து பாரு. இப்ப சொன்னா ருசி போயிரும்."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன்.

சித்தியைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கடைசித் தங்கை. பத்தொன்பது வயதில் புனேயில் ஒரு கன்னியர் மடத்தில் சேர்ந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதனால் மடத்தின் சலவை அறையில் போட்டார்கள். முப்பத்தெட்டு வருடம் அதே அறை. கோயில் துணிகளையும் மடத்து ஆஸ்பத்திரியின் விரிப்புகளையும் துவைத்து, கரிப் பெட்டியால் இஸ்திரி போட்டார். வியாழக்கிழமை சாயந்தரங்களில், வேலையின் நடுவிலேயே, அசையாமல் நின்றுவிடுவார். கூப்பிட்டால் கேட்காது. ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். பிறகு ஒன்றும் நடக்காததுபோல அடுத்த துணியை எடுப்பார். என்ன நடந்தது என்று கேட்டால், "அவர் வந்திருந்தார்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

மடத்தில் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பெரிதுபடுத்தியது கட்கியின் தமிழ்க் குடும்பங்கள். மடத்தின் பின்வாசலில் அழுக்குத் துணி கொண்டுவந்து போட்ட தொழிலாளிப் பெண்கள், பெரும்பாலும் இந்துக்கள், சித்தியிடம் தங்கள் கஷ்டங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். சொன்னவர்களுக்கு ஏதோ நடந்தது. 1991இல் சித்தி இறந்தபோது மடத்தார் எதிர்பார்த்தது முப்பது பேரை. வந்த கூட்டத்தைக் கல்லறைத் தோட்டம் தாங்கவில்லை என்று சேவியர் எழுதியிருந்தான். இஸ்திரியம்மா என்ற பெயரை வைத்ததும் அவர்கள்தான்.

புதன், மாலை 4.15. கல்லறைத் தோட்டம்.

1993இல் நான் இங்கே வந்த அன்று டைரியில் எழுதியது இது: "சிமெண்ட் மேடை, ஆறடிக்கு இரண்டரை. மரச் சிலுவை. பெயரும் இரண்டு வருடங்களும். பூ இல்லை. தலைமாட்டில் எறும்புப் புற்று ஒன்று."

இப்போது மேடைக்கு மேலே எட்டடிக்கு ஆறடியில் தகரக் கொட்டகை இருந்தது. கம்பங்களில் சீரியல் பல்புகள். வாசலில் வாழைக்கன்று இரண்டு. "புனித இஸ்திரியம்மா ஆலயம்" என்று தமிழிலும் மராத்தியிலும் எழுதிய பலகை. உள்ளே சித்தியின் புகைப்படத்தைக் கடைவீதி ஸ்டுடியோவில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, தலையைச் சுற்றித் தங்கநிறத்தில் ஒளிவட்டம் வரைந்து வைத்திருந்தார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளை வரத்துக்குக் கட்டிய மரத்தொட்டில்கள் நாற்பத்தொன்று. காலடியில் குவியல் குவியலாகக் கரி. கட்கியின் இஸ்திரி வண்டிக்காரர்கள் காலையில் பெட்டி பற்றவைக்கும் முன் ஒரு பிடி கரியை இவருக்கு எடுத்துவைப்பது வழக்கமாம். நடுவில், கண்ணாடிக் கூண்டுக்குள், பித்தளை விளக்கொன்று எரிந்தது.

விளக்குக்குப் பக்கத்தில் எண்ணெய் டப்பாவோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்னங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள்.

"யார் சேவியரு இது?"

"எங்க அக்கா, பாக்கியக்கா. இஸ்திரியம்மாவோட சொந்த அக்கா மக."

அந்த அம்மாள் எழுந்து, நான் தடுப்பதற்குள் என் காலைத் தொட்டுவிட்டார். "அம்மா ரத்தமா நீங்க! இன்னா நிறம், இன்னா மூக்கு, அப்படியே இருக்குதே!"

சித்திக்கும் எனக்கும் மூக்கில் ஒற்றுமை கிடையாது. அதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை. சேவியரைத் தனியே அழைத்துப்போய் ஃபாதரின் கடிதத்தை நீட்டினேன். அதில் தெளிவாக எழுதியிருந்தது. திருச்சபை அறிவிக்கும் முன்னால் ஒருவரைப் பொது இடத்தில் புனிதராக வணங்கக் கூடாது. பீடம், ஒளிவட்டப் படம், அணையா விளக்கு, "புனித" என்ற சொல், எதுவும் கல்லறையில் இருக்கக் கூடாது. பூ வைக்கலாம். வீட்டில் வேண்டிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வணக்கம் எதுவும் இல்லை என்று நேரில் பார்த்து உறுதிசெய்யத்தான் குழு சனிக்கிழமை வருகிறது. இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும்.

சேவியர் இரண்டு முறை படித்தான்.

"என்னக்கா இது, உல்ட்டாவா இருக்கு? கூட்டம் இருந்தாத்தானே நம்புவாங்க? ஓட்டே விழாம எலெக்‌ஷன்ல எப்படி ஜெயிக்கிறது?"

"இது எலெக்‌ஷன் இல்லை."

"நீதானே எழுதுன, 'பெரிய ஃபாதர்கள் கல்லறையைப் பார்க்க வருகிறார்கள்'னு! வர்றவங்களுக்கு ஒரு பந்தல்கூட இல்லாம எப்படி?"

அவன் சொன்னது சரி. இன்லண்ட் கடிதத்தில் இடம் முடிந்துவிட்டது. வருகிறார்கள் என்று எழுதியவள், எதற்கு வருகிறார்கள் என்று எழுதவில்லை. எதையும் விடாமல் எழுதுகிறவள் என்று பள்ளியில் எனக்குப் பெயர். மூன்று வரியை மிச்சம் பிடித்தேன். அந்த மூன்று வரி இங்கே தகரமாகவும் பல்பாகவும் முளைத்து நின்றது.

எழுபத்தெட்டு வயதில் அம்மா திண்டுக்கல்லில் ஜன்னலோரம் காத்திருக்கிறார். கண் இருக்கும்போதே தங்கையின் காரியத்தில் ஒரு படியாவது ஏறிவிட வேண்டும் என்பது அவருக்கு இருக்கும் ஒரே ஆசை. சனிக்கிழமைக்குள் இங்கே 1993 திரும்ப வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வியாழன்.

காலையில் மடத்துக்குப் போனேன். சலவை அறையில் இப்போது வெள்ளை நிறத்தில் ஒரு மெஷின் ஓடுகிறது. மின்சார இஸ்திரிப் பெட்டி இரண்டு. சித்தியின் காலத்தில் மிஞ்சியது ஒன்றுதான்: ஜன்னலோரம் சுவரில் பதித்த கருங்கல். சூடான பெட்டியை இறக்கி வைப்பதற்கான கல். நடுவில் பெட்டியின் அடிப்பாகம் போலவே படகு வடிவத்தில் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அளந்தேன். நீளம் ஒன்பது அங்குலம்.

மடத்துச் சிஸ்டர் ஒருவர் எனக்கு இஞ்சி தட்டிப்போட்ட டீ கொடுத்து, "சிஸ்டர் பிரகாசி கையில் பெட்டியோடு பரவசத்தில் நின்றாலும் துணி கருகவே கருகாதாமே, உண்மையா?" என்று கேட்டார். பதில் என் தோல்பையில் இருந்தது. சாட்சி சொல்லும்போது சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மாலை ஐந்தரைக்குக் கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. சித்தியின் வியாழக்கிழமை, இங்கே தத்தாத்ரேயருக்கும் உகந்த நாள். தத்தர் கோயிலுக்குப் போய்விட்டு அதே தேங்காய்ப் பையோடு இங்கே வருகிறவர்கள் உண்டு. நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். சேவியர் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டான். மேடையில் ஏறிப் பேசிப் பழக்கமில்லாதவள் அதன்மேல் ஏறி, ஃபாதரின் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். சேவியர் இந்தியில் சொன்னான்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சாமின்னு சொல்லக் கூடாதாம், அப்பத்தான் சாமியாக்குவாங்களாம். இது எந்த ஊரு நியாயம்?"

"பரீட்சைக்கு முன்னால ரிசல்ட் ஒட்டக் கூடாதுல்ல, அது மாதிரி." இது சேவியர். வாத்தியார் வேலைக்குப் போகவேண்டியவன்.

"அவங்க ஆக்காட்டி என்ன? எங்களுக்கு அம்மாதான்."

நான் பெஞ்சிலிருந்து இறங்கவில்லை. யாரையும் வேண்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே இருக்கும் எல்லாவற்றையும் உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போங்கள், வீட்டில் வேண்டிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை என்றேன். அதை மூன்று முறை சொன்னேன். கடைசியில் இஸ்திரி வண்டிக்காரர்களில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு மதியம் எங்க ஆளுங்க வருவாங்க, கொட்டகையைப் பிரிக்க" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பாக்கியம் மட்டும் விளக்கின் பக்கத்திலிருந்து அசையவில்லை.

"தகரத்தை எடு. படத்தை எடு. இதைத் தொட்டுடாதம்மா."

காரணத்தைச் சேவியர்தான் சொன்னான். பாக்கியம் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். கணவர் இறந்தபின் கடைவீதி வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டு மகள் ராணியை வளர்த்தார். ராணியைக் கசார்வாடியில் ஒரு லேத் பட்டறைக்காரருக்குக் கொடுத்தது. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போனது. இரண்டாவது எட்டாம் மாதத்தில். மூன்றாவது தங்கியதும் பாக்கியம் இங்கே விளக்கேற்றினார், பிள்ளை கைக்கு வரும்வரை அணையாமல் காப்பதாக வேண்டிக்கொண்டு. ராணி இப்போது தாய் வீட்டில் இருக்கிறாள். எட்டாம் மாதம்.

அன்று கைப்பையிலிருந்த இந்த வருட டைரியில் ஒரு பக்கம் எழுதினேன். கடைசி வரி: "விளக்கு. என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் செய்தாக வேண்டும்."

வெள்ளி.

மதியம் ஒன்றரைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். மூன்று மணிக்குக் கொட்டகை தரையில் கிடந்தது. பலகையைக் கழற்றினார்கள். படத்திலிருந்த ஒளிவட்டத்தை என்ன செய்வது என்று கொஞ்சம் விவாதம் நடந்தது. கடைசியில் படத்தையே போர்வையில் சுற்றிச் சேவியர் வீட்டுக்கு அனுப்பினோம். தொட்டில்களில் இருபத்துநான்கைக் கட்டியவர்களே வந்து அவிழ்த்துப் போனார்கள். மிச்சம் பதினேழையும் சாக்கில் கட்டிச் சேவியர் வீட்டுக்கே கொடுத்தேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "என் வீட்டையே ஆலயமாக்கிட்டியே அக்கா."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாக்கியம் அதன் முன்னால் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்க படிச்சவங்க. என்னைப் பேசியே கவுத்துடுவீங்க. அதனால நீங்க பேசாதீங்க" என்றார்.

"நான் பேசவில்லை. சித்தி எழுதியதைப் படிக்கட்டுமா?"

அவர் எண்ணெய் டப்பாவை ஓரமாக நகர்த்தினார். தோல்பையிலிருந்து ஒன்பதாவது கடிதத்தை எடுத்துப் படித்தேன். சித்தியின் தமிழ் இப்படித்தான் இருக்கும்:

"அக்காவுக்கு எழுதிக்கொள்வது. போன வியாழன் பீடத் துணி கருகிப்போயிற்று. பெட்டி கையில் இருக்கும்போதே அவர் வந்துவிட்டார். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. விழித்தபோது புகை. மதர் நன்றாகத் திட்டினார்கள். திட்டியது நியாயம். நல்ல துணி. அடுத்த வியாழன் அவரிடம் கேட்டேன்: ஆண்டவரே, நீர் வரும்போது பெட்டியை முதலில் கல்லின் மேல் வைத்துவிட்டு வரலாமா? அவர் சிரித்தார். அதற்குப் பிறகு வைத்துவிட்டுத்தான் நிற்கிறேன்."

பாக்கியம் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப துணி கருகிச்சா?"

"கருகியது."

"கருகாதுன்னில்ல எல்லாரும் சொல்றாங்க!"

"எல்லாரும் சொல்கிறார்கள். அவர் சொல்லவில்லை."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார். தோள் குலுங்கியது. "கருகாம இருந்தா அவங்க இன்னா இஸ்திரிக்காரி? நான் எத்தினி பேன்ட்டைக் கருக்கிட்டு ஏச்சு வாங்கிருக்கேன் தெரியுமா? பாரு, சாமி வந்து நிக்கிறப்பகூட பொட்டியைக் கல்லு மேல வச்சுட்டு வரேன்றா. வேலைக்காரி பேச்சு இது!"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்தார்.

"வூட்டுக்கு எடுத்துப் போறேன். ஆனா இந்த நெருப்பேதான் வரணும். புதுசாக் கொளுத்துனா அது வேற விளக்கு. நடுவுல அணைஞ்சுதுன்னா அந்தப் பாவம் உங்களுக்கு."

ஒத்துக்கொண்டேன். வேறு வழி இல்லை.

பாக்கியத்தின் வீடு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், ரயில்வே கேட்டைத் தாண்டி. காற்று வேறு அடித்தது. சேவியர் ஓர் ஆட்டோவைக் கூட்டிவந்தான். ஓட்டுநர் நடுத்தர வயது மராட்டியர். என் கையில் சுடரோடு விளக்கைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையாலேயே ஏற வேண்டாம் என்று காட்டினார். பெட்ரோல் வண்டியில் எரிகிற விளக்கை ஏற்ற முடியாது, மாவ்ஷி, எந்தத் தெய்வமாக இருந்தாலும் சரி என்று இந்தியில் சொன்னார். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. அவர் பக்கம்தான் நியாயம். விளக்கைத் திரும்பக் கூண்டுக்குள் வைத்தேன்.

பானைக்குள் வைக்கலாம் என்றான் சேவியர். அரிக்கேன் லாந்தர் எங்கே கிடைக்கும் என்று நான் யோசித்தேன். பாக்கியம் இடுப்பில் கை வைத்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒருத்தரு ஆபீஸ்ல எழுதுறாங்க, ஒருத்தரு ஃபேக்டரில வெடி செய்றாரு. நெருப்பை எடுத்துட்டுப் போகத் தெரியல. நான் தெனம் தெரு முழுக்க எடுத்துட்டுத்தானேய்யா சுத்துறேன்!"

கடைவீதிக்குப் போய்ப் பத்தே நிமிடத்தில் தன் பித்தளை இஸ்திரிப் பெட்டியோடு வந்தார். கல்லறைமேல் குவிந்திருந்த காணிக்கைக் கரியிலிருந்து இரண்டு பிடி அள்ளிப் போட்டார். ஒரு துண்டை விளக்குச் சுடரில் காட்டிக் கனிய வைத்து, மற்றதன் நடுவில் செருகி, மட்டையால் விசிறினார். ஐந்து நிமிடத்தில் பெட்டி முழுக்கச் செக்கச் சிவந்தது. மூடியை இறக்கிக் கொக்கியை மாட்டினார். மணி 4.20.

ஆட்டோக்காரரிடம் இதற்குள்ளும் நெருப்பு இருக்கிறது என்று நானே சொல்லிவிட்டேன். "இஸ்திரிப் பெட்டிக்குள்ளே நெருப்பு இல்லாம ஐஸா இருக்கும்? அது கொட்டாது. ஏறுங்க மாவ்ஷி" என்றார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போனது. ஐம்பத்தெட்டுப் பெட்டிகள். கேட் திறக்கவில்லை. பாக்கியம் மூடியை அரை விரல் தூக்கிப் பார்த்தார். மேலே சாம்பல் பூத்திருந்தது. அவர் இறங்கி, ஸ்கூட்டர்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ரோட்டில் நின்றுகொண்டு, பெட்டியைப் பிடியோடு முன்னும் பின்னும் வீசத் தொடங்கினார். முப்பது வருடப் பழக்கம் அந்தத் தோளில் தெரிந்தது. பக்கவாட்டு ஓட்டைகளிலிருந்து பொறி பறந்தது. பஸ் ஜன்னலிலிருந்து ஒருவர் ஏதோ கிண்டல் செய்தார். இவர் மராத்தியில் திருப்பிக் கொடுத்ததில் பஸ்ஸே சிரித்தது. பதினொரு நிமிடம் கழித்துக் கேட் திறந்தது.

ராணி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்த உடம்பு, பெரிய வயிறு. அம்மாவைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள். பாக்கியம் புதுத் திரியை எண்ணெயில் நனைத்து, நுனியில் துளிக் கற்பூரம் வைத்து, கங்கின்மேல் காட்டி ஊதினார். பிடிக்கவில்லை. இரண்டாவது முறை புகை மட்டும். ராணி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது ஊதலில் பற்றியது. மணி 4.52.

ராணி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், தட்டுத் தடுமாறிய தமிழில். "ஆன்ட்டி, அங்க இருக்கிற விளக்கை யார்... யார் நிறுத்தறது?"

யாரும் அணைக்க வேண்டாம் என்றேன். திரும்பிப் போனேன். சேவியர் காவல் இருந்தான். கூண்டுக்குள் எண்ணெய் கால் அங்குலம் இருந்தது. மேற்கொண்டு ஊற்றவில்லை, அவ்வளவுதான். 7.05க்கு அது தானாக ஓய்ந்தது. ஆறிய பிறகு விளக்கையும் மிச்சமிருந்த காணிக்கைக் கரியையும் எடுத்தோம். சிமெண்டில் படிந்திருந்த கரியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன்.

சனி, காலை 10.00.

ஃபாதர்கள் இருவர், எழுத்தர் ஒருவர். கல்லறையை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார்கள். சிமெண்ட் மேடை, மரச் சிலுவை, பெயர், இரண்டு வருடங்கள். ஒரு கிண்ணத்தில் செவ்வந்திப் பூ. சேவியர் என் காதருகே குனிந்து, "ஒண்ணுமே இருந்ததில்லைன்னு சொல்லிரு. இப்ப இல்லைல்ல, அது போதும்" என்றான்.

பைபிள் மேல் கை வைத்தேன். மூத்த ஃபாதர் தமிழர்தான்.

"இந்த இடத்தில் பொது வணக்கம் நடக்கிறதா?"

"இன்று இல்லை, ஃபாதர்."

"முன்பு?"

"நேற்று மாலை ஏழு மணி ஐந்து நிமிடம்வரை இருந்தது."

சேவியர் பின்னால் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இந்த வருட டைரியைத் திறந்து எல்லாவற்றையும் படித்தேன். கொட்டகை, பலகை, ஒளிவட்டம், தொட்டில்கள், கரி, விளக்கு. என் கடிதத்தில் விட்டுப்போன மூன்று வரியையும் சொன்னேன். படிக்கும்போது அம்மாவின் முகம்தான் முன்னால் நின்றது. அவர் ஏற நினைத்த ஒரு படியையும் நானே இடித்துத் தள்ளுகிறேனோ என்று தோன்றியது. ஆனாலும் படிப்பதை நிறுத்தவில்லை.

ஃபாதர் டைரியை வாங்கிப் பார்த்தார். "யார் அகற்றினார்கள்?"

"வைத்தவர்களே."

"யாராவது எதிர்த்தார்களா?"

"ஒருவர். இப்போது அவர் வீட்டில் அந்த விளக்கு எரிகிறது."

"வீட்டில் எரிவதைப் பற்றி எங்களுக்குக் கேள்வி இல்லை" என்றார். பிறகு எழுத்தரிடம் திரும்பி, "வைத்தவர்களே அகற்றினார்கள். அதை அப்படியே எழுதுங்கள்" என்றார். அது உதவுமா, தடுக்குமா என்று கேட்டேன். "தெரியாது அம்மா. சொன்னதை எழுதுவதுதான் என் வேலை. எடைபோடுகிறவர்கள் வேறு" என்றார். ஒன்பதாவது கடிதத்தையும் கொடுத்தேன். துணி கருகிய வரிக்கு வந்ததும் அவர் உதடு லேசாக அசைந்தது. எழுத்தர் எழுதிய நான்கு பக்கத்திலும் கையெழுத்திட்டேன். 11.35க்குப் போனார்கள்.

ஞாயிறு.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் வேப்பமரத்தடியில் இறங்கினேன். வண்டிக்கு மேலே புதிதாகத் தகரக் கூரை. எங்கே பார்த்த தகரம் என்று கேட்கவில்லை. பாக்கியம் என் கைத்தறிப் புடவையை வாங்கி, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுக் கொடுத்தார். காலையில் வீட்டு விளக்கிலிருந்துதான் பெட்டியைப் பற்றவைத்தாராம். காசு வாங்கவில்லை.

"ராணி பேரைச் சொல்லிக் கேளு" என்றார்.

"யாரிடம்?"

"இன்னா கேள்வி இது? உன் சித்திகிட்டதான்!"

திங்கள் இரவைச் சென்னையில் கழித்து, செவ்வாய் மாலை 5.25க்கு வீடு சேர்ந்தேன். அங்கே என்ன பார்த்தாய் என்று அம்மா கேட்டார். ஒரு கல், ஒரு சிலுவை, பெயர் என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், படி ஏறினோமா இறங்கினோமா தெரியாது என்றும் சொன்னேன். "பொய் சொல்லி ஏறுகிற படி அவளுக்கு எதுக்கு?" என்றார் அம்மா.

எங்கள் கூடத்தில் சித்தியின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அதை நான் தூசி துடைத்திருக்கிறேன். அவருடைய கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறேன். கட்கியில், அவரை நேரில் பார்த்தேயிராத எவ்வளவோ பேர், கரியும் தொட்டிலும் எண்ணெயுமாக வாராவாரம் அவரிடம் எதையாவது கேட்டுக்கொண்டிருந்தார்கள். அனுமதி இருந்த இடம் என் வீடு. அங்கே நான் எதுவுமே கேட்டதில்லை.

மாலை 6.10க்கு அகல் ஒன்றை ஏற்றிப் படத்தின் கீழே வைத்தேன். கோப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ராணியின் பெயரைச் சொன்னேன். எட்டாம் மாதம் என்றும் சொன்னேன்.

ஊற்றிய எண்ணெய் இரண்டே முக்கால் மணி நேரம் வந்தது. நாளைக்கு இன்னும் கூடுதலாக ஊற்ற வேண்டும்.